சந்தை ஆடு

(விழுப்புரத்தில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரிதாக மாற்றவில்லை.)

எல்லோருக்கும் வணக்கம்.

தலைவர் என்னை அறிமுகப்படுத்தும்போது, வாயில்லா ஜீவன்களுக்கு முப்பது வருஷம் வைத்தியம் பார்த்தவர் என்றார். நன்றி. ஆனால் வாயில்லா ஜீவன் என்று பேர் வைத்த புண்ணியவான், கன்று போடத் தவிக்கிற எருமை பக்கத்தில் ஒரு ராத்திரிகூட நின்றிருக்க மாட்டார். வாய் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது.

எனக்குக் கொடுத்த தலைப்பு காட்டு விலங்கு இறைச்சிச் சந்தைகள். சீனா, வியட்நாம், ஆப்பிரிக்கா என்று சுற்ற வேண்டிய தலைப்பு. சுற்றுவோம். ஆனால் வண்டி செஞ்சி ஆட்டுச் சந்தையிலிருந்து கிளம்பட்டும்.

ஆடு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கை தூக்குங்கள். பரவாயில்லையே, வாசகர் வட்டத்தில் இத்தனை பேரா! சந்தையில் வாங்கி வந்த குட்டியை அன்றைக்கே பட்டியில் விடுவீர்களா? பின்வரிசையில் அந்த அம்மா வேண்டாம் என்று கையாட்டுகிறார். ஏம்மா, விட்டா என்ன?

"சந்தை ஆடு சீக்கு கொண்டாரும்."

ஒரு மணி நேரம் பேசக் குறிப்பெழுதிக்கொண்டு வந்தேன். நாலே வார்த்தையில் முடித்துவிட்டார். இனி நான் பேசுவதெல்லாம் இந்த அம்மா சொன்னதற்கு உரைதான்.

ஆட்டுக்கொல்லி நோயை, பி.பி.ஆர். என்று சொல்வோமே அதை, இந்தியாவிலேயே முதன்முதலாக அடையாளம் கண்டது நம் அரசூரில், 1987-இல். அப்போது இது தென்னாற்காடு மாவட்டம். அங்கே எடுத்த வைரஸை வைத்துத்தான் பிற்பாடு நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தடுப்பூசியே தயாரித்தது. அந்த ரகத்துக்கு இன்றைக்கும் அரசூர் பேர்தான். தடுப்பூசி பரவலாக வருவதற்கு முன்னால் நான் வேலைக்குச் சேர்ந்தேன். சந்தை முடிந்து ஐந்தாறு நாளில் மருந்தகத்து வேப்பமரத்தடியில் ஆடுகள் வந்து நிற்கும். கண்ணில் பீளை. மூக்கில் சளி காய்ந்து அடைத்திருக்கும். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறில் தவிடு அப்பினாற்போல் இருக்கும். ஒரு நாற்றம் வரும், அது இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. விசாரித்தால் ஒரே பதில்: "சந்தையில ஒண்ணு வாங்கினேன் டாக்டர். அது நல்லாத்தான் இருந்துச்சு."

பொய் சொல்லவில்லை அவர்கள். வாங்கும்போது அந்த ஆடு நல்லாத்தான் இருந்திருக்கும். நாற்பது ஊர் ஆடுகளை லாரியில் அடைத்து, தண்ணி காட்டாமல், விடியற்காலையில் இறக்கி, ஒரே கயிற்றில் கட்டுகிறோம். பயணத்தில் களைத்த உடம்புக்கு உள்ளே இருக்கிற கிருமியை அடக்கி வைக்கத் தெம்பு இருக்காது. எச்சிலிலும் சாணத்திலும் மூச்சிலும் வெளியே விடும். பக்கத்து ஆடும் களைத்தது, அதற்கும் தடுக்கத் தெம்பு இல்லை. மத்தியானத்துக்குள் இரண்டும் வேறு வேறு ஊருக்குப் போய்விடும். காட்டில் பிடித்ததாக இருந்தால் என்ன, கொட்டிலில் வளர்த்ததாக இருந்தால் என்ன, சந்தை செய்கிற வேலை இதுதான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு சீனாவின் தெற்கே குவாங்டாங் மாகாணத்துக்குப் போவோம்.

2002 நவம்பரில் அங்கே ஃபோஷான் நகரத்தில் ஒருவருக்குப் புதுவிதமான நிமோனியா வந்தது. பிறகு இன்னும் சிலர். ஜனவரி முடிவதற்குள் படுத்தவர்களைப் பிற்பாடு விசாரித்தபோது, பத்தில் நாலு பேர் அளவுக்கு சமையல், உணவு வேலைக்காரர்கள் என்று தெரிந்தது. பிப்ரவரியில் குவாங்சோவிலிருந்து ஒரு மருத்துவர் கல்யாணத்துக்காக ஹாங்காங் போனார். ஓட்டலில் ஒன்பதாவது மாடியில் தங்கினார். அந்த மாடியில் தங்கிய மற்றவர்கள் வழியாக நோய் வியட்நாமுக்கும் சிங்கப்பூருக்கும் கனடாவுக்கும் விமானம் ஏறியது. அடங்குவதற்குள் 8,096 பேரைப் பிடித்தது, 774 பேர் செத்தார்கள். சார்ஸ் என்று அன்றைய தினத்தாளில் படித்திருப்பீர்கள்.

2003 மே மாதம் ஹாங்காங் பல்கலைக்கழகத்து வைரஸ் ஆய்வாளர் குவான் யி, எல்லை தாண்டி ஷென்ஜென் நகரத்துச் சந்தைக்குப் போனார். எட்டு இனத்தைச் சேர்ந்த 25 விலங்குகளிடம் சளியும் சாணமும் ரத்தமும் எடுத்து வந்தார். மரநாய்களிடம் அந்த வைரஸ் இருந்தது. மனிதரிடம் எடுத்ததற்கும் இதற்கும் மயிரிழை வித்தியாசம்தான். நம் பனையேறிகளுக்கு மரநாயைத் தெரியும், ராத்திரி மரமேறிக் கள்ளுக் கலயத்தில் வாய் வைக்கிற பயல். அதன் ஒன்றுவிட்ட அண்ணன், முகத்தில் வெள்ளைப் பட்டை போட்டது, குவாங்டாங்கில் குளிர்காலத்து விருந்துச் சாப்பாடு. அந்த மாதிரி இறைச்சிக்கு அவர்கள் மொழியில் 'காட்டு ருசி' என்றே ஒரு சொல் இருக்கிறது. அது ஏழையின் சோறு இல்லை. கான்ட்ராக்ட் கிடைத்தவர் அதிகாரிக்கு வைக்கிற விருந்து. உயிரோடு காட்டி, எடை போட்டு, பின்கட்டில் அறுத்துத் தர வேண்டும். செத்ததைக் கொடுத்தால் ஏமாற்று வேலை என்று நினைப்பார்கள். கோழிக்கடையில் நாமும் அதே குணம்தான், அதனால் ரொம்பச் சிரிக்க வேண்டாம்.

உயிரோடுதான் வேண்டும் என்கிற இந்த ஒரு நிபந்தனைதான் கூண்டைக் கொண்டுவருகிறது. கூண்டுக்கு மேல் கூண்டு. மேலே இருக்கிறது கழிந்தால் கீழே இருப்பதன் தலையில் விழும். காட்டில் ஒன்றையொன்று பார்த்தே இருக்காத பிராணிகள் அங்கே ஒரே காற்றைச் சுவாசிக்கும். பக்கத்திலேயே அறுக்கிற கட்டை. ரப்பர் குழாயில் தண்ணீர் பீய்ச்சித் தரையைக் கழுவுவார்கள், ரத்தமும் சாணமும் துளித்துளியாகத் தெறிக்கும். ஒரு வைரஸுக்குக் குடிபோகக் கல்யாண மண்டபம் கட்டிக் கொடுத்தாற்போல.

மரநாய்தான் மூலம் என்றால் மரநாய்ப் பண்ணைகளிலும் வைரஸ் நிறைந்திருக்க வேண்டும் அல்லவா? போய்ப் பார்த்தார்கள். சந்தையில் இருந்தவற்றில் பெரும்பாலானவற்றின் ரத்தத்தில் நோய் வந்துபோன அடையாளம் இருந்தது. பண்ணைகளில் மிகவும் குறைவு. அதாவது பண்ணையை விட்டுக் கிளம்பும்போது அந்த மரநாய் நல்லாத்தான் இருந்துச்சு. இன்னும் இரண்டு வருஷம் கழித்து, 2005-இல், குதிரைலாட வௌவால்களிடம் இதன் உறவுக்கார வைரஸ்கள் இருப்பது தெரிந்தது. வௌவாலுக்கு அதனால் தொந்தரவு இல்லை, அதனால் நமக்கும் தொந்தரவில்லாமல் இருந்தது.

விற்றவர்களின் கதை இன்னும் சுவாரசியம். குவாங்டாங் சந்தைகளில் விலங்கு விற்ற வியாபாரிகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 13 பேருக்கு சார்ஸ் வைரஸுக்கான எதிர்ப்புச் சத்து இருந்தது. மரநாயை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால், அதையே முக்கியமாக விற்றவர்களில் நூற்றுக்கு 72 பேருக்கு மேல். அவர்களில் யாரும் சார்ஸ் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இல்லை. அப்படியானால் ஊர் உலகம் கவனிப்பதற்கு முன்னாலேயே அந்தக் கடைகளுக்குள் இந்த வைரஸோ அதன் சொந்தமோ எத்தனை தடவை மனித உடம்புக்குள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கும்! கதவு பல தடவை தட்டப்பட்டிருக்கிறது. ஒரு தடவை திறந்துகொண்டது.

2003-இல் இந்த விலங்கு விற்பனைக்குத் தடை போட்டார்கள், ஆகஸ்டில் எடுத்தார்கள், டிசம்பரில் புது நோயாளி வந்தார். மரநாய் பரிமாறுகிற உணவகத்தில் வேலை செய்த ஒரு பெண்ணும் அந்தச் சின்ன அலையில் படுத்தார். 2004 ஜனவரியில் சுமார் 10,000 மரநாய்களைக் கொல்ல உத்தரவு. கூண்டை அடுக்கினவர் மேல் கேஸ் இல்லை.

இனி வியட்நாம். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு அங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். மீகாங் ஆற்றின் கழிமுகம், நம் தஞ்சாவூர்ப் பக்கம் மாதிரி நெல் விளைகிற பூமி. வயல் எலி அங்கே விருப்பமான சாப்பாடு. 2013, 14-இல் ஆராய்ச்சியாளர்கள் எலியைக் கை மாறும் வழி நெடுகப் பின்தொடர்ந்தார்கள். வயலில் பிடித்தவரிடமிருந்து வாங்குகிற வியாபாரியிடம் நூற்றுக்கு 21 எலிகளில் கொரோனா வகை வைரஸ் இருந்தது. அதே சரக்கு போய்ச் சேருகிற பெரிய சந்தையில் 32. உணவகத்தின் பின்கட்டுக் கூண்டில் 56. மனிதருக்குக் கெடுதல் செய்வதாகத் தெரிந்த வைரஸ் இல்லை அது, பயப்பட வேண்டாம். ஆனால் ஏணியைப் பாருங்கள். ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு படி ஏறுகிறது. எலி அதே எலி.

இதைச் சொல்லும்போது நம் இருளர் மக்களை நினைக்காமல் இருக்க முடியாது. அவர்களும் வயல் எலி பிடிக்கிறவர்கள்தான். வரப்பில் வளை பார்த்து, ஒரு வாயை அடைத்து, இன்னொரு வாயில் புகை ஊதி, பிடித்த எலியை அன்று சாயங்காலமே சுட்டுச் சாப்பிட்டுவிடுவார்கள். எலிக்காய்ச்சல் ஆபத்து உண்டு, கையில் புண்ணோடு சேற்றில் இறங்காதீர்கள் என்று நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் அங்கே கூண்டில்லை, லாரி இல்லை, மூன்று நாள் பட்டினி இல்லை. காட்டு இறைச்சி என்றதும் முதலில் அகப்படுகிறவர்கள் இவர்கள் மாதிரி மனிதர்கள்தான். அதில் எனக்கு உடன்பாடில்லை. அடுப்புக்குப் பிடிக்கிறவனையும் ஏலத்துக்குப் பிடிக்கிறவனையும் ஒரே ஜீப்பில் ஏற்றக் கூடாது.

உடனே, நன்றாக வேக வைத்தால் ஒன்றும் ஆகாதே டாக்டர் என்று கேட்பீர்கள். சாப்பிடுகிறவருக்கு அநேகமாக ஒன்றும் ஆகாது. தட்டுக்கு வருவதற்குள் வைரஸ் செத்துவிடும். ஆபத்து தோலுரிக்கிறவருக்கு. 1996-இல் ஆப்பிரிக்காவின் கபோன் நாட்டில், மயிபூ என்கிற காட்டுக் கிராமத்தில், செத்துக் கிடந்த ஒரு சிம்பன்சியைத் தூக்கி வந்தார்கள். கறி கிடைத்த சந்தோஷம். அறுத்தவர்கள், சுமந்தவர்கள்தான் முதலில் விழுந்தார்கள். எபோலா. பிறகு பார்த்துக்கொண்ட வீட்டாருக்கும் தொற்றி, 21 பேர் இறந்தார்கள். எச்.ஐ.வி.யின் உலகளாவிய வகையும் கேமரூனின் தென்கிழக்குக் காட்டுச் சிம்பன்சியிலிருந்து, கத்தி பட்ட கை வழியாக வந்திருக்கலாம் என்றுதான் கருதுகிறார்கள். சுமார் 1920-வாக்கில் கின்ஷாசா நகரத்தில் அது வேர்பிடித்தது. ஆறும் ரயிலும் சந்தையும் சேருகிற ஊர் அது. காட்டில் ஒரு வேடனோடு முடிந்திருக்கக்கூடிய நோய்.

உயிரினங்கள் பக்கம் வருகிறேன். இதுவரை நம் உயிரைப் பற்றியே பேசினோம், கொஞ்சம் சுயநலமாக.

வியட்நாமுக்கும் லாவோஸுக்கும் நடுவில் அன்னமைட் மலைத்தொடர். அங்கே 1992-இல் உலகத்துக்குத் தெரியாத ஒரு பெரிய பிராணியைக் கண்டுபிடித்தார்கள். வேடர் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த கொம்பைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மாட்டு ஜாதி, மான் மாதிரி மெலிவு, நேராக நீண்ட இரண்டு கொம்பு. பேர் சாவோலா. காட்டில் அதை நேரில் பார்த்த உயிரியலாளர் ஒருவர்கூட இல்லை. தானியங்கிக் கேமராவில் கடைசியாகப் பதிந்தது 2013 செப்டம்பரில். அதற்குப் பிறகு படமே இல்லை.

சாவோலாவை யாரும் தேடி வேட்டையாடவில்லை. அதன் கறிக்குக் கிராக்கி கிடையாது, மருந்துக்கும் கேட்பதில்லை. நகரத்து உணவகங்களுக்குக் காட்டுப்பன்றியும் குரைக்கும் மானும் வேண்டும், அதற்கு வைத்த சுருக்கில் இது மாட்டிக்கொள்கிறது. சுருக்கு என்றால் என்ன தெரியுமா? சைக்கிள் பிரேக் கம்பி, பைக்கின் கிளட்ச் ஒயர். வளைந்த கிளையில் கட்டி மண்ணில் புதைத்துவிட்டால் போதும். நம் பக்கத்துக் காடுகளிலும் அதேதான். ஒரு வனக்காவலர் ஒரு நாள் எனக்கு ஒன்று கொண்டுவந்து காட்டினார். சுருள் பிரிக்காமல் மேஜைமேல் வைத்தார். மெக்கானிக் கடை கிரீஸ் இன்னும் ஒட்டியிருந்தது. முடிச்சின் உட்பக்கம் நாலைந்து மயிர், புள்ளிமானுடையது. விலை விசாரித்தேன், டீ, வடை காசு. கம்போடியா, லாவோஸ், வியட்நாம் மூன்றிலும் பாதுகாக்கப்பட்ட காடுகளுக்குள் மட்டும் இந்த மாதிரி 1.2 கோடிக்கு மேல் சுருக்கு இருக்கும் என்று உலக இயற்கை நிதியம் 2020-இல் மதிப்பிட்டது. மரமெல்லாம் நிற்கும், சேட்டிலைட் படத்தில் பச்சைப் பசேலென்று தெரியும். உள்ளே போனால் சத்தமே இருக்காது.

சந்தை வந்தால் வேட்டையின் கணக்கு எப்படி மாறுகிறது என்று யோசித்துப் பாருங்கள். வீட்டுக்கு வேட்டையாடுகிறவன் வயிறு நிறைந்ததும் நிறுத்துவான். இரண்டு பன்றி கிடைத்தால் ஒன்று அழுகிப் போகும். ஐஸ் பெட்டியும் ரோடும் வந்துவிட்டால் அந்த எல்லை போய்விடுகிறது. குறைந்துபோன பிராணிக்கு விலை குறையாது, ஏறும். அழுங்கை எடுத்துக்கொள்ளுங்கள், எறும்புத்தின்னி. வருஷத்துக்கு ஒரே குட்டி, அதை வாலில் ஏற்றிக்கொண்டு திரிகிற தாய். ஆபத்து என்றால் பந்தாகச் சுருண்டுகொள்ளும், சிறுத்தையே உருட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். மனிதன் அப்படியே எடுத்துச் சாக்கில் போட்டுக்கொள்கிறான். உலகத்தில் எட்டு வகை, எட்டுக்கும் சர்வதேச வியாபாரத் தடை விதிக்க 2016-இல் முடிவெடுத்தார்கள்.

ஊஹானைச் சொல்லாமல் விட்டால் கோபிப்பீர்கள். கோவிட் எங்கே தொடங்கியது என்கிற சண்டை ஓயவில்லை, நான் அதற்குள் இறங்கவில்லை. ஒரு கணக்கை மட்டும் சொல்கிறேன். உண்ணி வழியாகப் பரவும் ஒரு காய்ச்சலைப் பற்றி ஆராய்ந்தவர்கள், ஊஹான் சந்தைகளின் 17 கடைகளில் 2017 மே முதல் 2019 நவம்பர் வரை என்னென்ன விற்றார்கள் என்று மாதாமாதம் எழுதி வைத்திருந்தார்கள். 38 இனம், 47,381 உயிர்கள். வௌவாலும் அழுங்கும் அந்தப் பட்டியலில் இல்லை. வாட்ஸ்அப்பில் நாம் அப்போது பார்த்ததெல்லாம் வேறு. 2020 பிப்ரவரியில் சீனா தரைவாழ் காட்டு விலங்குகளைச் சாப்பிடுவதையே தடை செய்தது. தோலுக்கும் மருந்துக்கும் வளர்ப்பது தொடர்கிறது. அடுத்த வருஷம், 2021 ஏப்ரலில், உலக சுகாதார நிறுவனமும் இன்னும் இரண்டு உலக அமைப்புகளும் சேர்ந்து, பிடித்து வந்த காட்டுப் பாலூட்டிகளை உணவுச் சந்தையில் உயிரோடு விற்பதை நிறுத்தச் சொன்னார்கள். அடுப்பை அணைக்கச் சொல்லவில்லை, கூண்டைத்தான் எடுக்கச் சொன்னார்கள். அது சரியான இடத்தில் வைத்த கை என்று நினைக்கிறேன்.

நாகாலாந்தில் பங்டி என்று ஒரு கிராமம், தோயாங் அணைக்கட்டின் கரையில். ஒவ்வொரு அக்டோபரிலும் சைபீரியப் பக்கத்திலிருந்து அமூர் வல்லூறுகள் லட்சக்கணக்கில் வந்து இறங்கும், அங்கிருந்து தென் ஆப்பிரிக்காவரை போக வேண்டிய பறவை. அணையில் மீன் பிடிக்கிறவர்கள் அதே வலையை மரத்துக்கு மரம் கட்டினார்கள். 2012-இல் ஒரே பருவத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் பிடித்து, இறகு பிய்த்து, கோலில் கோத்து விற்றதைப் படமெடுத்து வெளியிட்டார்கள். நாடே கூசியது. அடுத்த வருஷம் ஒன்றுகூடப் பிடிபடவில்லை. போலீஸால் நடந்ததல்ல. கிராம சபையும் தேவாலயமும் வலை வைத்திருந்த மீனவர்களும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு. அந்த வருமானம் போனது போனதுதான், அதைச் சொல்லாமல் பங்டியைப் பாராட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை.

நம் ஊருக்கு வந்து முடிக்கிறேன். ஒரு பெரியவர் நாய்க்கு ஊசி போட வந்தவர், பேத்திக்கு வீசிங், பழந்தின்னி வௌவால் கறி கொடுத்தால் நிற்குமாமே, எங்கே கிடைக்கும் என்று என்னிடமே கேட்டார். நிற்காது, அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனால் உடனே அப்படிச் சொல்லவில்லை. யார் தோலுரிப்பாங்க என்று கேட்டேன். மருமகள் என்றார். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு இன்ஹேலர் பற்றிப் பேசினோம். 1972 வனவிலங்குச் சட்டத்தின் பழைய பட்டியலில் பழந்தின்னி வௌவாலைக் காக்கையோடும் எலியோடும் சேர்த்துத் தீங்குயிர் என்று எழுதியிருந்தார்கள், 2022 திருத்தத்தில்தான் அந்தப் பட்டியலே போனது. இலுப்பைப் பூவைத் தேடி வந்து விதை போடுகிற பிராணி அது. ஏரிக்கரை ரோட்டில் கொக்கும் மடையானும் காலைக் கட்டித் தொங்கவிட்டு விற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள், கண்ணுக்கு முன்னால் கழுத்தைத் திருகித் தருவார்கள். பண்ணைக் காடை என்று பலகை இருக்கும். பண்ணைக் காடைக்கு அவ்வளவு நீளக் கால் கிடையாது.

நேரம் ஆகிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கேள்வி இருந்தால் ஒன்றே ஒன்று.

அந்த அம்மாவா? கேளுங்க.

"சந்தையில வாங்கினதை எத்தினி நாள் தனியா கட்டணும்?"

இருபத்தோரு நாள், அம்மா. தண்ணித் தொட்டியும் தனியா. பட்டி ஆட்டுக்குத் தீனி போட்டு முடிச்சப்புறம் கடைசியா அதுகிட்ட போங்க, வந்ததும் கை கழுவுங்க.